செல்லுக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவும் லேசரைத் தடுக்கும் ஜெலட்டின் படலமும்

செல்லுக்குள் புகுந்து வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில், கருவிகளை விவரிக்கும் பகுதியில் ஹாலோகிராஃபிக் நாட்ச் வடிகட்டி என்று ஒரு பொருள் வருகிறது. நோய்த்தொற்றுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், அது எப்படி வேலை செய்கிறது, இன்றைக்கும் அது தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நுண்ணுயிரியல் படிப்பவர்கள் கருவிப் பகுதியைப் புரட்டிவிட்டுப் போவதும், ஒளியியல் படிப்பவர்கள் உயிரியல் பகுதியைப் புரட்டிவிட்டுப் போவதும் வழக்கம். ஆனால் இந்தத் துறையில் ஒரு முடிவை நம்பலாமா கூடாதா என்பது பெரும்பாலும் அந்தக் கருவிப் பகுதியில்தான் தீர்மானமாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டையும் இணைப்பது ராமன் சிதறல். உயிருள்ள செல்லின் மேல் லேசரைப் பாய்ச்சினால் திரும்பி வரும் ஒளியில் மிகப் பெரும்பகுதி, போன நிறத்திலேயே வருகிறது. அதில் வேதியியல் செய்தி ஏதும் இல்லை. மிகச் சிறிய ஒரு பங்கு மட்டும், மூலக்கூறுகளின் அதிர்வுகளோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கி, நிறம் சற்றே மாறி வருகிறது. உள்ளே என்ன புரதம், என்ன கொழுப்பு, எந்த அமினோ அமிலம் என்ற தகவல் அனைத்தும் அந்தச் சிறிய பங்கில்தான் இருக்கிறது. நிறம் மாறாத ஒளியைத் தடுத்து, நிறம் மாறிய ஒளியை மட்டும் விடுவதுதான் நாட்ச் வடிகட்டியின் வேலை. வடிகட்டி பாக்டீரியாவைக் காட்டுவதில்லை; பாக்டீரியாவைக் காண விடாமல் செய்யும் ஒளியை அகற்றுகிறது.

முதலில் உயிரியல் பக்கம் என்ன சிக்கல் என்று பார்ப்போம். காசநோய்க் கிருமி, கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் நம்முடைய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள், தன்னை விழுங்கிய பையிலேயே, அந்தப் பை செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமோடு சேர்ந்துவிடாதபடி தடுத்துக்கொண்டு வாழ்கிறது. சால்மொனெல்லா தனக்கென்று ஒரு பையைச் செதுக்கிக்கொள்கிறது. லிஸ்டீரியா பையைத் துளைத்து வெளியே வந்து, செல்லின் ஆக்டின் இழைகளைத் தன் பின்னால் வால்போல் கட்டிக்கொண்டு அடுத்த செல்லுக்குள் பாய்கிறது. கிளமிடியா, காக்ஸியெல்லா, ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலைத் தரும் ஓரியென்ஷியா ஆகியவை இயற்கையில் செல்லுக்கு வெளியே பெருகுவதே இல்லை. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர்மாதங்களிலும் காய்ச்சலோடு வருபவர்களிடம் மருத்துவர்கள் உடலில் கருகிய புண் தழும்பு இருக்கிறதா என்று தேடுவது இந்த ஓரியென்ஷியாவை நினைத்துத்தான். அதற்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற, செல்லுக்குள் நன்றாக நுழையும் மருந்துகளைக் கொடுப்பதற்கும் கிருமியின் இருப்பிடமே முக்கியக் காரணம்.

செல்லுக்குள் இருக்கும் பாக்டீரியாவை ஆய்வகத்தில் எப்படி எண்ணுகிறார்கள் என்பதைப் பார்த்தால், ராமன் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். ஜென்டமைசின் பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று உண்டு. வளர்ப்புத் தட்டில் உள்ள செல்களோடு பாக்டீரியாவைச் சேர்க்கிறார்கள். சிறிது நேரம் கழித்து ஜென்டமைசினைச் சேர்க்கிறார்கள். அந்த மருந்து செல்லுக்குள் சரியாகப் போகாது. ஆகவே வெளியே இருப்பவை செத்துவிடும், உள்ளே இருப்பவை தப்பும். பிறகு மென்மையான சோப்புப் பொருளால் செல்களை உடைத்து, வெளிவருவதை அகார் தட்டில் பரப்பி, மறுநாள் தோன்றும் கூட்டங்களை எண்ணுகிறார்கள். எளிமையான, பயனுள்ள சோதனை. இன்றும் தினமும் செய்யப்படுவது. ஆனால் அது தருவது ஒரு சராசரி எண். எந்தச் செல்லில் எத்தனை இருந்தன என்று சொல்லாது. உயிரோடு இருந்தும் உறங்கிக்கொண்டிருக்கும் பாக்டீரியா தட்டில் வளராமல் போனால் அது கணக்கிலேயே வராது. கிளமிடியா போன்றவற்றுக்கு அகார் தட்டே பயன்படாது.

ஒளிரும் சாயங்களும் ஒளிரும் புரதங்களும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன; அவை இல்லாமல் இந்தத் துறையே இல்லை. ஆனால் எதிர்ப்பொருள் சாயம் ஏற்ற வேண்டுமானால் பெரும்பாலும் செல்லைக் கொன்று பதப்படுத்த வேண்டும். ஒளிரும் புரதம் வேண்டுமானால் பாக்டீரியாவின் மரபணுவில் கைவைக்க வேண்டும். கிளமிடியாவில் அது நெடுங்காலம் முடியாத காரியமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாயம் ‘இங்கே இருக்கிறது’ என்று சொல்லும். ‘இப்போது உண்கிறதா, பட்டினி கிடக்கிறதா, உறங்குகிறதா’ என்று சொல்லாது. சிகிச்சைக்கு முக்கியமான கேள்வி அதுதான். ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகும் சில பாக்டீரியாக்கள் உயிர் பிழைப்பது, பல நேரங்களில் அவை மருந்தை எதிர்க்கும் மரபணு பெற்றதால் அல்ல. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பதால்.

இப்போது ஒளிக்கு வருவோம். 1928 பிப்ரவரியில் கல்கத்தாவின் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் செய்த சோதனையில் மையப் பொருளே ஒரு ஜோடி வடிகட்டிகள்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை. சூரிய ஒளியை ஒரு நீல-ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் அனுப்பினார்கள். சிதறி வரும் ஒளியின் பாதையில் மஞ்சள்-பச்சை வடிகட்டி ஒன்றை வைத்தார்கள். முதல் வடிகட்டி விட்டதை இரண்டாவது முழுவதும் தடுத்துவிடும்; ஆகவே நிறம் மாறாத ஒளி கண்ணுக்கு வந்து சேர வழியில்லை. அப்படி இருந்தும் திரவத்தில் ஒளிக்கற்றையின் தடம் மங்கலாகத் தெரிந்தது. திரவம் ஒளியின் நிறத்தை மாற்றியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிறகு பாதரச விளக்கும், ஒளியை நிறவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியும் கொண்டு புதிய கோடுகளைத் தனித்தனியே பதிவு செய்தார்கள். 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு வந்தது. இன்றைய நாட்ச் வடிகட்டி செய்வது அந்த இரண்டாவது வடிகட்டியின் வேலையைத்தான். வேறுபாடு துல்லியத்தில் இருக்கிறது.

அந்தத் துல்லியம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 532 நானோமீட்டர் பச்சை லேசர் ஒரு மில்லிவாட் திறனில் பாய்ந்தால், வினாடிக்குச் சுமார் 27 கோடி கோடி ஃபோட்டான்கள் செல்லின் மேல் விழுகின்றன. ராமன் முறையில் சிதறுபவை, தோராயமாகக் கோடியில் ஒன்று என்ற அளவில்தான் சொல்லப்படுகின்றன. அவற்றிலும் லென்ஸுக்குள் வந்து, கருவியின் கண்ணாடிகளையெல்லாம் தாண்டி, உணரியில் விழுபவை இன்னும் குறைவு. ஒரு பாக்டீரியாவின் குறுக்களவே ஒரு மைக்ரான் என்றால், அங்கே இருக்கும் பொருளின் அளவு எவ்வளவு சொற்பம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நிற மாற்றமும் பெரிதல்ல. ராமன் நிறமாலையில் ஒளி லேசரிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதை அலையெண்ணில் குறிப்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலைகள் என்பது அது. ஃபினைலலனின் என்ற அமினோ அமிலத்தின் வளையம் விரிந்து சுருங்கும் அதிர்வு 1003 என்ற இடத்தில் கூர்மையான சிகரமாக வரும். 532 நானோமீட்டர் லேசரில் அது 562 நானோமீட்டரில் விழுகிறது. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் அடையாளம் 785 அருகே. புரத முதுகெலும்பின் அடையாளம் 1650-1660 அருகே. கொழுப்பிலும் புரதத்திலும் உள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் 2800க்கு மேல். ஆக, லேசருக்கு 30 நானோமீட்டர் தள்ளி, லேசரைவிடப் பல கோடி மடங்கு மங்கலான கோடு ஒன்றைப் படிக்க வேண்டும். லேசரின் சிதறிய ஒளி நிறமாலைமானிக்குள் புகுந்துவிட்டால், உள்ளே உள்ள சுவர்களிலும், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியிலும் பட்டுத் தெறித்து, எல்லா நிறங்களின் இடத்திலும் ஒரு போலிப் பின்னணியாகப் படியும். அதில் 1003 மூழ்கிவிடும்.

1980கள் வரை இதற்கு இருந்த வழி, இரண்டு மூன்று நிறமாலைமானிகளை அடுத்தடுத்து வைப்பது. முதல் இரண்டும் லேசர் நிறத்தைப் பிரித்துத் தள்ளும்; மூன்றாவது மிச்சத்தை நிறமாலையாக விரிக்கும். வேலை நடந்தது. ஆனால் ஒவ்வொரு ஆடியிலும் ஒவ்வொரு கீற்றணியிலும் ஒளி இழப்பு. தேவையான ராமன் ஒளியில் மிகச் சிறு பங்குதான் கடைசியில் மிஞ்சும். படிகத்தையோ தூய திரவத்தையோ ஆராய்பவருக்கு அது பெரிய குறையல்ல. லேசர் திறனைக் கூட்டிக்கொள்ளலாம், மணிக்கணக்கில் காத்திருக்கலாம். உயிருள்ள செல்லில் அது முடியாது. திறனைக் கூட்டினால் செல் வெந்துபோகும் அல்லது ஒளிவேதி வினைகளால் சேதமாகும். 1990இல் நெதர்லாந்தில் புப்பெல்ஸும் அவருடைய குழுவினரும் தனியொரு உயிருள்ள செல்லையும் குரோமோசோமையும், குவியும் புள்ளியிலிருந்து வரும் ஒளியை மட்டும் எடுக்கும் கன்ஃபோக்கல் ராமன் நுண்ணோக்கியால் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் திருப்புமுனை. அதில் அவர்கள் சிவப்பு லேசரைத் தேர்ந்தெடுத்ததற்குச் செல்லைச் சேதப்படுத்தாமல் இருக்க வேண்டும் என்பதே முக்கியக் காரணம். செல்லில் ராமன் செய்ய வேண்டுமானால், வரும் ஒளியில் ஒரு துளிகூட வீணாகக் கூடாது. அதே காலகட்டத்தில்தான் ஹாலோகிராஃபிக் நாட்ச் வடிகட்டி சந்தைக்கு வந்தது.

இதன் அடிப்படை மிக அழகானது. ஒரு கண்ணாடித் தட்டில் சில பத்து மைக்ரான் தடிமனில் ஜெலட்டின் பூசி, அதில் அமோனியம் டைகுரோமேட்டை ஊறவிடுகிறார்கள். ஒரே லேசரிலிருந்து பிரிந்த இரண்டு கற்றைகள் அந்தப் படலத்துக்குள் எதிரெதிராகச் சந்திக்கும்படி செய்கிறார்கள். இரண்டும் குறுக்கிடும்போது ஒளி, இருள், ஒளி, இருள் என்று தளங்கள் அடுக்கடுக்காக உருவாகின்றன. ஒளி பட்ட தளங்களில் குரோமியம் வேதிமாற்றம் அடைந்து ஜெலட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. இருண்ட தளங்களில் பிணைப்பு குறைவு. பிறகு தண்ணீரில் நனைத்து உப்பவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் முக்கி ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சுகிறார்கள். பிணைந்த தளமும் பிணையாத தளமும் வெவ்வேறு ஒளிவிலகல் எண் பெறுகின்றன. முடிந்த படலத்தைப் பார்த்தால் வெறும் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். சாயம் எதுவும் இல்லை. ஒளியை உறிஞ்சுவதற்கு அதில் எதுவுமே கிடையாது.

ஆனால் தளங்களின் இடைவெளி, படலத்துக்குள் அலைநீளத்தின் பாதி. ஒளிவிலகல் எண்ணைச் சுமார் 1.5 என்று வைத்துக்கொண்டால், 532 நானோமீட்டருக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 177 நானோமீட்டர். 20 மைக்ரான் தடிமனில் நூற்றுக்கும் மேற்பட்ட தளங்கள் அடங்கும். ஒவ்வொரு தளமும் தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறிய பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஆனால் 532க்கு மட்டும் எல்லாத் தளங்களும் திருப்புபவை ஒரே கட்டத்தில் சேர்கின்றன. விளைவு: லேசர் ஒளி கிட்டத்தட்ட முழுவதும் எதிரொளித்துத் திரும்பிவிடுகிறது, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கடந்து போகும். பக்கத்து நிறங்களுக்கு அந்தச் சேர்க்கை நடப்பதில்லை. அவை தடையின்றிக் கடக்கின்றன. படிகங்களில் எக்ஸ் கதிர் சிதறுவதற்கு பிராக் தந்த விதியேதான் இது.

பல அடுக்குகளைப் பூசி எதிரொளிக்க வைக்கும் வடிகட்டிகள் அதற்கு முன்பே இருந்தனவே, ஜெலட்டினில் என்ன புதுமை என்று கேட்கலாம். பூசிய அடுக்குகளில் ஒளிவிலகல் எண் படிக்கட்டுபோல் திடீரென்று மாறும். அப்படி மாறினால், தடுக்க வேண்டிய நிறத்தோடு நில்லாமல், பக்கத்து நிறங்களிலும் ஏற்ற இறக்கமான அலைச்சல் வரும். ராமன் நிறமாலையில் அந்த அலைச்சல் போலிச் சிகரங்களாகத் தெரியும். உயிரியல் மாதிரியில் சிகரங்கள் ஏற்கெனவே நெருக்கமாக இருக்கும்போது இது ஆபத்து. ஹாலோகிராமில் இரண்டு கற்றைகளின் குறுக்கீடு இயல்பாகவே சைன் அலைபோல் மெதுவாக ஏறி இறங்குகிறது. ஒளிவிலகல் எண்ணும் அப்படியே. அதனால் தடுக்கும் பட்டைக்கு இரு பக்கமும் கடத்தும் திறன் சமதளமாக இருக்கிறது. அந்தக் கால அளவுகோலில் இது பெரிய பாய்ச்சல். நல்ல வடிகட்டிகள் லேசருக்கு 150 அலையெண் அருகிலிருந்தே ஒளியை விட்டன. 532 லேசரில் அது 536 நானோமீட்டர், அதாவது நான்கு நானோமீட்டர் தள்ளி. மூன்று நிறமாலைமானிகள் போய் ஒன்று போதும் என்றானது. கிடைக்கும் ஒளி பல மடங்கு கூடியது. குளிரூட்டிய சி.சி.டி. உணரியும் சேர்ந்தபோது, மேசைமேல் வைக்கும் ராமன் நுண்ணோக்கி சாத்தியமானது. இயற்பியல் துறையிலிருந்து அது நுண்ணுயிரியல் துறைக்கு இடம் பெயர்ந்தது.

இவற்றை வணிக ரீதியாகச் செய்து பரப்பியதில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பரின் கெய்சர் ஆப்டிகல் சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆன் ஆர்பர் தற்செயலான ஊர் அல்ல. டென்னிஸ் காபர் 1940களின் பிற்பகுதியில் கண்டுபிடித்த ஹாலோகிராஃபியை, லேசர் கொண்டு உண்மையில் பயன்படும் கலையாக மாற்றிய எம்மெட் லீத்தும் யூரிஸ் உபாட்னியெக்ஸும் வேலை செய்த மிச்சிகன் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. கண்ணைக் கவரும் முப்பரிமாணப் படங்களுக்காக வளர்ந்த நுட்பத்தில், படமே இல்லாத ஹாலோகிராம் ஒன்று உயிரியலுக்கு இவ்வளவு உதவியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நாட்ச் வடிகட்டி என்பது சமதள ஆடி ஒன்றின் ஹாலோகிராம்தான்.

இந்தக் கருவியால் செல்லுக்குள் வாழும் பாக்டீரியாவைப் பற்றி உண்மையில் என்ன தெரியவந்தது? எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் வியன்னா பல்கலைக்கழகத்திலிருந்து 2010இல் வந்த ஆய்வு. சூசன்னே ஹைடர், மைக்கேல் வாக்னர், மத்தியாஸ் ஹோர்ன் முதலியோர் செய்தது.

கிளமிடியாக்களுக்கு இரண்டு வடிவங்கள். செல்லுக்குள் பெருகுவது ஒன்று. ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவு, மென்மையான உறை. செல்லை விட்டு வெளியேறி அடுத்த செல்லைத் தொற்றுவது மற்றொன்று, சுமார் 0.3 மைக்ரான், புரதங்கள் கந்தகப் பாலங்களால் இறுகப் பிணைந்த உறை. இந்தத் தொற்றும் வடிவம் விதைபோல் உறக்கத்தில் இருப்பது, உயிர்ச்செயல் ஏதும் இல்லாதது என்றுதான் பல பத்தாண்டுகளாகப் பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. சொல்லக் காரணம் இருந்தது. அதை எந்த ஊடகத்திலும் வளர்க்க முடியவில்லை. மரபணுவை மாற்றவும் முடியவில்லை. வேறு எப்படிச் சோதிப்பது?

வியன்னா குழு எடுத்துக்கொண்டது அமீபாவுக்குள் வாழும் உறவினரான புரோட்டோகிளமிடியா அமீபோஃபிலா. கண் நோயான டிரக்கோமாவையும் பாலுறவு நோயையும் தரும் கிளமிடியாவைவிட இதன் மரபணுத் தொகுதி இரு மடங்குக்கும் மேல் பெரியது. இவர்கள் செய்த தந்திரம் எளிமையானது. ஃபினைலலனினில் உள்ள சாதாரண கார்பனுக்குப் பதிலாகக் கார்பன் 13 கொண்ட ஃபினைலலனினை ஊடகத்தில் கலந்தார்கள். வேதியியலில் இரண்டும் ஒன்றே. பாக்டீரியாவுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கனமான கார்பன் வளையம் சற்று மெதுவாக அதிரும். 1003இல் இருந்த சிகரம் சுமார் 967க்கு நகர்ந்துவிடும். சலவைக்குப் போன துணியின் ஓரத்தில் இடும் மைக்குறி போன்றது அது: துணி மாறுவதில்லை, யாருடையது என்று மட்டும் தெரிந்துவிடும். நகர்ந்த சிகரம் தெரிந்தால், அந்தத் தனியொரு பாக்டீரியா அந்த அமினோ அமிலத்தை இப்போது உள்ளே எடுத்திருக்கிறது என்று பொருள்.

532 நானோமீட்டர் லேசரில் 1003க்கும் 967க்கும் உள்ள இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒன்று 562 நானோமீட்டரில், மற்றது சுமார் 561இல். ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வித்தியாசத்தில், ஒரு மைக்ரானுக்கும் சிறிய உயிரின் உணவுப் பழக்கத்தைப் படிக்கிறார்கள். பின்னணி ஒளி துளி கசிந்தாலும் இந்த வாசிப்பு கெட்டுவிடும். உங்கள் முதல் கேள்விக்கான நேரடியான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் அமீபாவுக்குள் இருக்கும் பாக்டீரியாக்களில் குறியிட்ட ஃபினைலலனினைக் கண்டார்கள்; அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது அடுத்தது. பாக்டீரியாக்களை அமீபாவை விட்டு வெளியே எடுத்து வைத்தபோதும், இரண்டு வடிவங்களும் மூன்று வாரங்கள் வரை அமினோ அமிலத்தை எடுத்துக்கொண்டன. அந்தக் காலம் முழுவதும் தொற்றும் திறனோடும் இருந்தன. சவ்வில் மின்னழுத்தம் இருந்தது, புரதம் தயாரித்தன. மனிதனைத் தொற்றும் கிளமிடியா டிரக்கோமாட்டிஸிலும் நீண்ட நேரம் செல்லுக்கு வெளியே இருந்த பின் அமினோ அமில உள்வாங்கலும் புரதத் தயாரிப்பும் காணப்பட்டன. ‘உயிர்ச்செயல் இல்லாத விதை’ என்ற கருத்து அதோடு ஆட்டம் கண்டது. 2012இல் அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் ஆய்வகத்தினர், செல் இல்லாத ஊடகத்தில் கிளமிடியா டிரக்கோமாட்டிஸின் தொற்றும் வடிவம் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டையும், பெருகும் வடிவம் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யையும் ஆற்றலுக்கு விரும்புகின்றன என்று காட்டினார்கள். வியன்னா குழுவே மறு ஆண்டில், புரோட்டோகிளமிடியாவின் தொற்றும் வடிவத்துக்குக் குளுக்கோஸ் கிடைக்காமல் செய்தால் தொற்றும் திறன் விரைவாகச் சரிவதைக் காட்டியது. வெளியே காத்திருக்கும்போது அது உண்கிறது. உண்டால்தான் தொற்ற முடிகிறது. இந்தியாவில் டிரக்கோமா பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. உலகின் பல ஏழை நாடுகளில் அது இன்னும் கண்களைப் பறித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கிருமி வெளியே எப்படி உயிர் தரிக்கிறது என்பது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி அல்ல.

அமினோ அமிலத்துக்குப் பதில், ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியம் கொண்ட கனநீரைக் கொடுக்கும் முறையை அதே வாக்னரின் குழு 2015இல் விரிவாக வெளியிட்டது. உயிரோடு இயங்கும் பாக்டீரியா தன் கொழுப்பிலும் புரதத்திலும் கனநீரின் டியூட்டீரியத்தைச் சேர்த்துக்கொள்ளும். கார்பன்-டியூட்டீரியம் பிணைப்பின் அடையாளம் 2040க்கும் 2300க்கும் இடையே விழுகிறது. உயிர்ப்பொருள் எதுவும் அங்கே சிகரம் தருவதில்லை என்பதால் குழப்பமே இல்லை. மருந்து கொடுத்த பின்னும் எந்த பாக்டீரியா இயங்குகிறது என்பதைச் சில மணி நேரத்தில் அறிய இன்று பலரும் இந்த வழியையே நாடுகிறார்கள். எனக்கும் இதில்தான் நம்பிக்கை அதிகம். ஆனால் செல்லுக்குள் செய்யும்போது ஒரு எச்சரிக்கை: பாக்டீரியா குடியிருக்கும் புரவலன் செல்லும் டியூட்டீரியத்தைச் சேர்த்துக்கொள்ளும். பாக்டீரியா நேரடியாக நீரிலிருந்து எடுத்ததா, குறியேறிய புரவலன் பொருளைத் தின்று பெற்றதா என்பதைப் பிரிக்கத் தனியாகக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் வேண்டும்.

ஜெர்மனியின் யேனாவில் உள்ள லைப்னிட்ஸ் ஒளித்தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், எந்தச் சாயமும் இல்லாமல், இரத்தநாள உட்சுவர்ச் செல்களுக்குள் புகுந்த ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸை ராமன் படமாகவே எடுத்திருக்கிறார்கள். புள்ளி புள்ளியாக லேசரை நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் முழு நிறமாலையைப் பதிவு செய்து, கணிதத்தால் பிரித்துப் பார்க்கும் முறை. படம் மெதுவாகத்தான் வரும். ஆனால் பாக்டீரியா செல்லின் மேலே ஒட்டியிருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதை ஆழம் பார்த்துச் சொல்ல முடிகிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். லேசர் குவியும் புள்ளி, மிக நல்ல லென்ஸில்கூடப் பக்கவாட்டில் சுமார் 0.3 மைக்ரான், ஆழத்தில் அதைவிடப் பல மடங்கு நீளம். ஒரு மைக்ரான் பாக்டீரியாவின் மேலும் கீழும் இருக்கும் புரவலன் செல்லின் பொருளும் நிறமாலையில் கலந்தே வரும். பாக்டீரியாவுக்கும் மனிதச் செல்லுக்கும் புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என்று அடிப்படைப் பொருள்கள் ஒன்றே. ஆகவே வெறும் நிறமாலையைப் பார்த்து ‘இது பாக்டீரியா’ என்று சொல்பவரிடம், அதே செல்லில் பாக்டீரியா இல்லாத இடத்தின் நிறமாலையைக் காட்டும்படி கேளுங்கள். தொற்றே இல்லாத செல், செத்த பாக்டீரியா புகுந்த செல் என்ற இரண்டு கட்டுப்பாடுகளும் இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை. கணினிக்குப் பயிற்சி கொடுத்து 99 சதவீதம் சரியாகக் கண்டறிகிறது என்று எழுதுபவர்கள், பயிற்சிக்கும் சோதனைக்கும் வெவ்வேறு நாளில் வளர்த்த மாதிரிகளை எடுத்தார்களா என்று பாருங்கள். ஒரே தட்டிலிருந்து இரண்டையும் எடுத்தால் கணினி கற்றுக்கொள்வது அந்தத் தட்டைப் பற்றி.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: நல்ல நாட்ச் வடிகட்டி இருந்தால் செல்லின் இயல்பான ஒளிர்வும் போய்விடும் என்பது. போகாது. அந்த ஒளிர்வும் நிறம் மாறிய ஒளிதான். ராமன் ஒளியின் இடத்திலேயே அகலமாக வந்து படியும். அதற்கு லேசர் நிறத்தை மாற்ற வேண்டும், அல்லது சிறிது நேரம் லேசரால் ஒளிர்வை வற்றச் செய்ய வேண்டும், அல்லது கணிதத்தால் பின்னணியைக் கழிக்க வேண்டும். வளர்ப்புக்குப் பயன்படும் சாதாரணக் கண்ணாடித் தட்டும் பிளாஸ்டிக்கும் தமக்கென்று வலுவான நிறமாலை தரும். கால்சியம் ஃபுளோரைடு அல்லது குவார்ட்ஸ் தட்டு வாங்குவது வடிகட்டியைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

இன்றைக்கும் ஹாலோகிராஃபிக் வடிகட்டி வேண்டுமா என்ற கடைசிக் கேள்விக்கு என் பதில்: உங்கள் வேலைக்கு அநேகமாக வேண்டாம். ஜெலட்டினுக்கு ஈரம் பகை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே முத்திரையிட்டு வைத்தாலும், ஓரம் வழியாக ஈரம் மெல்ல நுழைந்து தளங்களின் இடைவெளியை மாற்றும். நம் கடலோர ஊர்களின் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இப்போது அயனிக் கற்றையால் ஆக்சைடு அடுக்குகளைக் கணினிக் கட்டுப்பாட்டில் துல்லியமாகப் படியவைக்கும் கடினப்பூச்சு வடிகட்டிகள் வந்துவிட்டன. பழைய பூச்சுகளின் அலைச்சலை அவை பெரும்பாலும் வென்றுவிட்டன. நீண்ட காலம் உழைக்கின்றன. அவற்றில் லேசர் நிறத்தையும் அதற்குக் குறைந்த அலைநீளங்களையும் தடுத்து, கூடுதலானவற்றை மட்டும் விடும் விளிம்பு வடிகட்டி பாக்டீரியா ஆய்வுக்குத் தாராளமாகப் போதும். நாட்ச் வடிகட்டி லேசருக்கு இரு பக்கமும் விடுவது உண்மையே. ஆனால் அறை வெப்பநிலையில் 1000 அலையெண் அதிர்வில் ஏற்கெனவே கிளர்ந்த நிலையில் இருக்கும் மூலக்கூறுகள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அந்தப் பக்கத்தில் உங்களுக்குப் படிக்க அதிகம் கிடைக்காது. லேசருக்கு மிக அருகே, பத்து அலையெண் அளவில் படிக்க வேண்டியவர்கள் படிக ஆய்வாளர்கள்; அவர்களுக்குச் சிறப்புக் கண்ணாடியின் உள்ளேயே ஹாலோகிராஃபிக் முறையில் பதித்த பிராக் வடிகட்டிகள் இருக்கின்றன. ஈரப் பிரச்சினையும் அவற்றுக்கு இல்லை.

உங்கள் துறையில் பழைய கருவி ஒன்று ஜெலட்டின் வடிகட்டியோடு இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, முதலில் சோதியுங்கள். லேசரை நிறுத்திவிட்டு வடிகட்டியை வெளியே எடுத்து, வெள்ளை ஒளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரங்களிலிருந்து பால்போன்ற மங்கல் உள்ளே பரவியிருந்தால் முத்திரை உடைந்துவிட்டது. தெளிவாக இருந்தால் திரும்பப் பொருத்தி, சிலிக்கான் சில்லு ஒன்றை வைத்து 520 அலையெண்ணில் உள்ள அதன் சிகரத்தைப் பதிவு செய்யுங்கள். பிறகு வடிகட்டியின் தாங்கியை மிக மெதுவாகச் சாய்த்துக்கொண்டே லேசர் இடத்தில் உள்ள மிச்ச ஒளியைக் கவனியுங்கள். சாய்த்தால் தடுக்கும் பட்டை குறைந்த அலைநீளம் நோக்கி நகரும். மிச்ச ஒளி மிகக் குறையும் கோணத்தில் திருகை இறுக்குங்கள். நேராக நிறுத்தியபோதே பட்டை லேசருக்குக் கீழே போய்விட்டிருந்தால் படலம் சுருங்கிவிட்டது என்று பொருள். சாய்த்து அதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். இந்தச் சோதனையின்போது லேசர் அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்: வடிகட்டி தடுக்கும் ஒளியை அது விழுங்குவதில்லை, திருப்பி அடிக்கிறது, சாய்க்கும்போது அந்தக் கற்றை எங்கே போய் விழும் என்று முன்கூட்டியே பார்த்து ஒரு கருப்புத் தடுப்பை வைத்துவிடுங்கள்.